பட்டும் ஜீன்ஸும் ஒரே போர்வையில் சேருமா?

அம்மா காலமாகி ஒரு வருடம் ஆகிறது, பீரோவில் அவருடைய 14 புடவைகள் இருக்கின்றன, அவற்றில் பட்டு, ஜார்ஜெட், சுங்குடி எல்லாம் கலந்து கிடக்கின்றன, அப்பாவின் பழைய வேட்டிகளும் உங்கள் ஜீன்ஸும் மகனுக்குச் சின்னதாகிப்போன பனியன்களும் வேறு உண்டு, இவற்றை எல்லாம் சேர்த்து ஒரு குவில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் அடுக்குப் போர்வை, தைக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். வீடியோக்களில் எல்லாரும் கடையில் வாங்கிய புதுக் காட்டனில்தான் தைக்கிறார்கள், இந்தத் துணிகளில் முடியுமா என்பது உங்கள் முதல் கேள்வி. தனி அறை இல்லை, சாப்பாட்டு மேஜையில்தான் தைக்க வேண்டும், துணிகளை எப்படி அடுக்கி வைப்பது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் நீங்கள் எழுதாத மூன்றாவது கேள்வி ஒன்று எனக்குத் தெரிகிறது. அம்மாவின் புடவையில் கத்திரிக்கோலை வைத்துவிட்டு, அப்புறம் சரியாக வராமல் போனால் என்ன செய்வது? அந்தப் பயத்துக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் ஈரோட்டில் தையல் கடை வைத்து 19 வருடம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல், வீட்டில் சேர்ந்த பழைய துணிகளைக் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்குப் போர்வை தைத்துத் தருவதே வேலையாக இருக்கிறது. எழுதப்போவது அந்த அனுபவத்திலிருந்து. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துணியைத் தொடாமல் அதன் பலத்தைச் சொல்ல யாராலும் முடியாது. கீழே சொல்லும் சோதனைகளை நீங்கள்தான் செய்து பார்க்க வேண்டும். உங்கள் 14 புடவைகளில் பாட்டி காலத்துப் புடவை ஏதாவது இருந்தால் அது என் வேலையே இல்லை. அதை வெட்டாமல், பழந்துணிகளைப் பாதுகாக்கப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்டுங்கள்.

வீடியோக்களில் புதுக் காட்டனையே பயன்படுத்துவதற்குக் காரணம் அழகு இல்லை. அந்தத் துணிகள் எல்லாம் ஒரே கனம். ஒரே அளவுக்குச் சுருங்கும், ஒரே சூட்டைத் தாங்கும், ஒரே ஊசிக்கு ஒத்துவரும். அதனால்தான் ஓரத்தில் கால் இஞ்ச் தையல் விடுங்கள், நன்றாக இஸ்திரி போடுங்கள் என்று இரண்டு வரியில் சொல்லி முடிக்க அவர்களால் முடிகிறது. உங்கள் பீரோவில் இருப்பது வேறு வகை. ஜார்ஜெட் வழுக்கி ஓடும், பனியன் இழுபடும், ஜீன்ஸ் அசையாது, பட்டு பிசிறும், சுங்குடி சாயம் விடும். ஒவ்வொன்றையும் தனியாகத் தைப்பது கஷ்டமே இல்லை. ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைக்கும்போதுதான் சுருக்கமும் கிழிசலும் வருகின்றன. அதனால் நிறம் பார்த்துத் துணிகளைப் பிரிக்காதீர்கள், குணம் பார்த்துப் பிரியுங்கள். துணியை எப்படி அடுக்குவது என்ற கேள்விக்கும் இதுவேதான் பதில்.

ஐந்து அட்டைப்பெட்டிகள் எடுத்துக்கொள்ளுங்கள். என் கடையில் அவற்றின்மேல் நிற்பவை, ஓடுபவை, இழுபடுபவை, பிசிறுபவை, சாயம் விடுபவை என்று எழுதி வைத்திருக்கிறேன். துணியைக் கையில் எடுத்து ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குங்கள். விறைப்பாகத் தொங்கினால் நிற்பவை. தண்ணீர்போல வழிந்தால் ஓடுபவை. குறுக்கே இழுத்துவிட்டுப் பாருங்கள், நீண்டு திரும்பினால் இழுபடுபவை. இப்போது வரும் ஜீன்ஸில் பல, லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்தவை, அவை பார்வைக்கு ஜீன்ஸாக இருந்தாலும் பனியன் பெட்டிக்குத்தான் போக வேண்டும். வெட்டிய ஓரத்தை நகத்தால் நான்கு முறை வருடுங்கள், இழை இழையாகக் கழன்றால் பிசிறுபவை. என்ன துணி என்றே தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பட்டில் முடி கருகுகிற நாற்றம் வரும், எரிந்த நுனியைத் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கறுத்து, கெட்டியான மணியாக நிற்கும். கலப்பு இழைகளில் இந்தச் சோதனை குழப்பும். அப்படியானால் அதைப் பாலியஸ்டர் என்றே வைத்துக்கொண்டு சூட்டைக் குறைத்துவிடுங்கள், நஷ்டமில்லை.

சாயச் சோதனையைத் தயவுசெய்து விடாதீர்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள்; குவில்ட்டில் வெட்டும் முன்பே கசக்கியாக வேண்டும். துணியின் ஒரு மூலையைச் சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, வெள்ளை வேட்டித் துண்டுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். வேட்டியில் நிறம் இறங்கினால் அது சாயம் விடுபவை பெட்டிக்கு. நான் தொழிலுக்கு வந்த புதிதில் அரக்குச் சுங்குடியையும் வெள்ளை வேட்டியையும் மாற்றி மாற்றி வைத்து ஒரு போர்வை தைத்தேன். 20 நாள் வேலை. முதல் துவைப்பில் வெள்ளைக் கட்டங்கள் முழுக்க ரோஜா நிறமாகிவிட்டன. கொடுத்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த வேட்டி அவருடைய கணவருடையது. அதற்குப் பிறகு சோதிக்காமல் ஒரு துண்டும் வெட்டியதில்லை. உப்புப் போட்டு ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று உங்களுக்குப் பலர் சொல்வார்கள். சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, அது சாயத்தை இழைக்குள் தள்ள உதவும். ஏற்கெனவே சாயமேற்றி முடித்த துணியில் அது எதையும் நிறுத்தாது. நான்கைந்து முறை தண்ணீரை மாற்றி அலசியும் நிறம் இறங்கிக்கொண்டே இருந்தால், அந்தத் துணியை அதே நிறத்துணிகளோடு மட்டும் சேருங்கள்.

இனி ஒவ்வொரு பெட்டியாக வருகிறேன். நிற்பவைக்கு நான் சொல்ல அதிகமில்லை. சுங்குடியில் சாயம் விடாதது, வாயில் என்கிற மெல்லிய காட்டன், வேட்டி, பருத்திச் சட்டை எல்லாம் 14 நம்பர் ஊசியில் சாதாரணமாகத் தைபடும். ஓடுபவைக்கு நம் வீட்டுக் கஞ்சியே போதும். வடிகஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, நன்றாக நீர்க்க விட்டு, ஜார்ஜெட்டை அதில் முக்கி, பிழியாமல் நிழலில் காயப் போடுங்கள். காய்ந்ததும் காகிதம்போல நிற்கும், அந்த நிலையில் வெட்டுங்கள். வெட்டிய துண்டை மெல்லிய காடா (வெளுக்காத காட்டன்) துணியின்மேல் வைத்து, சுற்றிலும் ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்துவிட்டால் அதற்குப் பிறகு அது காட்டன்தான். காடா எப்படி நடக்கிறதோ அப்படித்தான் அதுவும் நடக்கும். போர்வை முடிந்ததும் கஞ்சியை முழுவதும் அலசி எடுத்துவிட வேண்டும். கஞ்சி இருக்கிற துணியை வெள்ளிமீன் பூச்சி தேடி வந்து தின்னும். இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று இருக்கிறதல்லவா, அவை முறையே ஏறக்குறைய 110, 150, 200 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டைக் குறிப்பவை. ஜார்ஜெட் பெரும்பாலும் பாலியஸ்டர் என்பதால் ஒரு புள்ளியில் தொடங்கி, தேவையென்றால் மட்டும் இரண்டுக்குப் போங்கள். மூன்றில் வைத்தால் உடனே உருகாவிட்டாலும் பளபளவென்று தழும்பு விழுந்து சுருங்கிவிடும், அந்தத் தழும்பு பிறகு போகாது.

பனியன் துணிக்குப் பின்பக்கம் இஸ்திரிச் சூட்டில் ஒட்டுகிற ஃப்யூசிங் கேன்வாஸ் வேண்டும், தையல் சாமான் கடையில் கேட்டால் மெல்லியதாகத் தருவார்கள். வேண்டிய அளவைவிடச் சுற்றிலும் ஒரு இஞ்ச் பெரிதாக வெட்டி, ஃப்யூசிங்கை ஒட்டி, முழுவதும் ஆறியபிறகு சரியான அளவுக்கு வெட்டுங்கள். வெட்டிவிட்டு ஒட்டினால் சதுரம் சதுரமாக இருக்காது. முன்பக்கம் அச்சடித்த படம் இருந்தால் அதன்மேல் நேராகச் சூடு படக்கூடாது. ஊசி, முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசியாக இருக்கட்டும். சாதாரண ஊசி பனியனின் கண்ணியை அறுத்துவிடும், நாலு துவைப்பில் தையல் ஓரமாக ஓட்டை வரும்.

ஜீன்ஸில் தொடையின் நடுவிலிருந்து கணுக்கால் வரைக்கும் பின்பக்கத் துணிதான் பலமானது. முட்டிப் பகுதி மெலிந்திருக்கும். இரட்டைத் தையல் ஓரங்களை எல்லாம் வெட்டி எடுத்துவிடுங்கள். 16 நம்பர் ஊசி போட்டு, தையலை ஒரு பக்கமாகச் சாய்க்காமல் இரண்டாகப் பிரித்து இஸ்திரி போட்டால் மூலைகள் மேடு தட்டாது. நான்கு தையல் கூடும் இடத்தை மரச்சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தைத்தால் மெஷின் திணறாது. ஜீன்ஸ் போர்வையில், மேல்துணிக்கும் அடித்துணிக்கும் இடையில் வைக்கும் நடு அடுக்கே வேண்டாம். 60 இஞ்சுக்கு 80 இஞ்ச் போர்வைக்கு மேல்துணி மட்டுமே ஒன்றேகால் கிலோ வரும், தையல் மடிப்பும் அடித்துணியும் சேர்ந்து, நனைந்து, மொட்டை மாடிக் கொடியில் தொங்குவதை நினைத்துப் பாருங்கள்.

பட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டு முதலில் விட்டுப்போகும் இடம் மடிப்பு. வருடக்கணக்காக ஒரே மடிப்பில் வைத்த புடவையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், மடிப்பு வரிகளில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரியும். அந்த வரியிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் தள்ளித்தான் வெட்ட வேண்டும். அடுத்தது இடுப்பு வேர்வை பட்ட இடம், வெயில் பட்ட தோள் இடம். துணியை இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவில் வைத்து மெதுவாகப் பிரித்து இழுங்கள். இழைகள் விலகி மறுபடி சேர்ந்தால் சரி, சரசரவென்று ஒலி கேட்டால் அந்தப் பகுதியைத் தொடாதீர்கள். காஞ்சிபுரம் புடவையாக இருந்தால் உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோர்வையாகச் சேர்த்ததாக இருக்கலாம். அந்தச் சேர்ப்பு பலமானது, ஆனால் இரண்டு பக்கத்துக்கும் நெருக்கம் வேறு என்பதால் குறுக்கே வெட்டிச் சதுரமாக்கினால் கரைப்பக்கம் சுருங்கும். கரையை நீளமான பட்டையாகவே எடுத்து, போர்வைக்கு ஓரமாக வையுங்கள். ஜரிகையில் இழை பிரிந்த இடத்தில் உள்நூலைப் பாருங்கள். அசல் ஜரிகை, சிவப்புப் பட்டுநூலில் வெள்ளித் தகடு சுற்றி, தங்க முலாம் பூசியது. அப்படி இருந்தால் அதன் விலையைத் தெரிந்துகொண்ட பிறகு வெட்டுவதா என்று முடிவு செய்யுங்கள். ஜரிகை ஊசியை மழுங்கடிக்கும், அதனால் 11 நம்பர் புது ஊசி போட்டு, ஜரிகைப்பக்கம் முடிந்ததும் அதை மாற்றிவிடுங்கள். மழுங்கிய ஊசி பட்டில் நெடுக ஒரு இழையை இழுத்துவிடும், அந்தக் கோடு மறையாது. பிசிறுபவை எல்லாவற்றுக்கும் கால் இஞ்ச் தையல் போதாது, அரை இஞ்ச் விடுங்கள். பலவீனமாகத் தெரிகிற துண்டுகளுக்கும் காடா அடித்துணி அவசியம்.

இப்போது அந்தப் பயத்துக்கு வருகிறேன். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 60 இஞ்சுக்கு 72 இஞ்ச் போர்வை, 6 இஞ்ச் சதுரங்கள் என்றால் 120 துண்டுகள் வேண்டும். அரை இஞ்ச் தையல் விட்டால் ஒவ்வொன்றும் 7 இஞ்சாக வெட்ட வேண்டும். கரை நீங்கலாக 36 இஞ்ச் உடல் உள்ள புடவையில் குறுக்கே 5 துண்டு வரும். ஒரே ஒரு புடவையின் முழு நீளத்தில் 150 துண்டு கிடைத்துவிடும். உங்களிடம் 14 புடவை. ஒவ்வொன்றிலிருந்தும் 10 துண்டு எடுத்தாலே மிச்சம் வரும், அதற்கு 14 இஞ்ச் நீளம் போதும், ஒரு முழம்கூட இல்லை. இடுப்பில் முதலில் செருகும் உள்முனையிலிருந்து அந்த 14 இஞ்சை எடுங்கள். அங்கே வெயில் பட்டிருக்காது, நிறம் அப்படியே இருக்கும். வேர்வை பட்டிருந்தால் மேலே சொன்ன கட்டைவிரல் சோதனையில் தெரிந்துவிடும். ஓரத்தைத் திருப்பி மடித்துத் தைத்துவிட்டால் புடவையில் இன்னும் ஐந்து மீட்டர் இருக்கும், கட்டினால் ஒரு கொசுவம் குறையும், அவ்வளவுதான். பட்டுப்புடவையில் வெட்டாத ரவிக்கைத் துண்டு இருந்தால் இன்னும் நல்லது, புடவையையே தொட வேண்டாம். போர்வைக்காகப் புடவைகளை இழக்க வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் வருடக்கணக்காகப் பீரோவைத் திறக்காமல் இருக்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயமே இல்லை.

எல்லாவற்றையும் ஒரே போர்வையில் சேர்க்கலாமா என்பதற்கு என் பதில்: தைத்துவிடலாம், துவைக்க முடியாது. ஒரு போர்வையை அதிலுள்ள மிக மெலிந்த துணி எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் துவைக்க வேண்டும். ஒரே ஒரு பட்டுச் சதுரம் இருந்தாலும் முழுப் போர்வையும் பட்டாகிவிடும். ஈர ஜீன்ஸின் கனம் பக்கத்திலிருக்கும் ஜார்ஜெட் தையலைப் பிடித்து இழுக்கும். அதனால் உங்களுக்கு நான் சொல்வது இரண்டு போர்வை. சுங்குடி, வேட்டி, ஜீன்ஸ், பனியன் சேர்ந்தது தினமும் போர்த்துவதற்கு, மெஷினில் போட்டுத் துவைக்கலாம். பட்டும் ஜார்ஜெட்டும் காடாவின்மேல் தைத்தது சின்னதாக, சோபாவின் முதுகில் போடவோ தோளில் போர்த்திக்கொள்ளவோ. முதலாவதில் அம்மா, அப்பா, நீங்கள், மகன் நால்வரும் இருக்கிறீர்கள். அதுவே நீங்கள் கேட்ட போர்வை என்று நினைக்கிறேன்.

இப்படித் தைப்பது நமக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர், அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வேலைத் துணிகளிலும் சாக்குத் துணியிலும் குவில்ட் தைத்தார்கள். 1942-இல் மிசூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன தன் கணவரின் வயல் உடைகளை வெட்டி ஒரு குவில்ட் தைத்தார். முட்டி வெளுத்த இடமும் மடிப்புக்குள் கறுத்த இடமும் அதில் அப்படியே இருக்கின்றன. 1966-இல் அந்தப் பகுதியில் பெண்கள் ஒரு கூட்டுறவு அமைப்பு தொடங்கினார்கள். 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் அந்த அமைப்புக்குக் கிடைக்க, மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீட்டுக் குவில்ட்டுகளுக்கு வந்தன. கார்டுராய் தடித்த துணி, நுணுக்கமாக வெட்டித் தைக்க ஒத்துவராது. அதனால் அவர்கள் பெரிய பெரிய கட்டங்களாக வைத்தார்கள், அந்தக் குவில்ட்டுகளின் வீச்சே அதில்தான். 2002-இல் அவை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம்வரை போயின. ஜீன்ஸை வைத்துக்கொண்டு பூக்கோலம் தைக்கப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம். துணி பெரிய கட்டம் கேட்டால் பெரிய கட்டம் கொடுங்கள்.

என்னிடம் ஒரு பெண் தன் அப்பாவின் காக்கிச் சட்டைகள் நான்கைக் கொண்டுவந்தார். அவர் பஸ் டிரைவராக இருந்தவர். சட்டைகளின் தோள் வெயிலில் மண் நிறத்துக்கு வெளுத்திருந்தது, ஒரு சட்டையின் இடது பாக்கெட்டில் பேனா ஒழுகிய நீலக்கறை. வழக்கம்போலப் பாக்கெட்டைப் பிரித்துவிட்டு, அடியிலுள்ள துணியைச் சதுரமாக எடுக்கலாம் என்று தையலைப் பிரிக்கத் தொடங்கினேன். பாக்கெட்டின் மூடியைத் தூக்கியபோது அடியில் அசல் காக்கி நிறம் அப்படியே இருந்தது, மூடியின் வடிவத்துக்கு வரைந்தாற்போல. பிரிப்பதை நிறுத்திவிட்டேன். பாக்கெட்டோடு சேர்த்து ஒரு பெரிய சதுரமாக வெட்டி, நடுவில் வைத்து, மூடியை மட்டும் தைக்காமல் விட்டேன். வாங்க வந்த நாளில் அந்தப் பெண் போர்வையை விரித்துப் பார்க்கவே இல்லை. நேராக அந்த மூடியைத் தூக்கி, இரண்டு விரலை உள்ளே விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பாக்கெட், பட்டன்பட்டி, மடித்துத் தைத்த கீழ் ஓரம், ரஃபூ போட்ட இடம் இவற்றை எல்லாம் வேண்டாததாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நடு அடுக்குக்குக் கடையில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் நம் வெயிலுக்குப் புழுங்கும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்தால் ஒற்றைக் கட்டிலுக்கு ஏறக்குறைய போதும், அகலம் பற்றாவிட்டால் இன்னொரு வேட்டியிலிருந்து பட்டை சேருங்கள். இலவம் பஞ்சைப் பரப்பித் தைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அதன் இழை வழவழப்பானது, ஒன்றையொன்று பற்றாது, இரண்டு துவைப்பில் மூலையில் போய்ச் சேர்ந்துவிடும்.

பட்டுப் போர்வைக்கு மெஷினே வேண்டாம் என்பேன். கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பகுதியில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர், கவாந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். பழைய புடவையை அடித்துணியாக விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளின் விளிம்பை மடித்து மடித்து வைத்து, ஓட்டுத் தையலிலேயே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போவார்கள். நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துண்டு வைத்து முடிப்பார்கள், அதைப் பூ என்று சொல்வார்கள். துண்டுகள் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை, விளிம்பு மடிக்கப்படுவதால் பிசிறாது, மடியில் வைத்தே தைக்கலாம். இடம் இல்லாத வீட்டுக்கும் பிசிறும் துணிக்கும் இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியாது.

இடம் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்படுகிறீர்கள். தனி அறையைவிட, எடுத்த பொருள் திரும்பிப்போக ஒரு இடம் இருப்பதுதான் முக்கியம். ஐந்து பெட்டிகள் என்றேனே, ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தத் துணிக்கான ஊசி, நூல், இஸ்திரிச் சூடு எழுதிய அட்டை மூன்றையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். இன்று ஓடுபவை தைக்கிறீர்கள் என்றால் அந்தப் பெட்டி மட்டும் மேஜைக்கு வரும், இரவுச் சாப்பாட்டுக்கு முன் அந்தப் பெட்டி மட்டும் திரும்பிப் போகும். பாதியில் நிற்கும் வேலையை ஒரு பெரிய தட்டில் வரிசை கலையாமல் அடுக்கிப் பெட்டிமேல் வைத்துவிடலாம். சாப்பாட்டு மேஜை தைப்பதற்குச் சரி, வெட்டுவதற்குத் தாழ்வு. குனிந்து இரண்டு மணி நேரம் வெட்டினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வெட்டும் நாளில் மேஜைக் கால்களுக்கு அடியில் ஐந்தாறு இஞ்ச் உயர மரக்கட்டை வையுங்கள், ஆடாமல் நிற்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். இஸ்திரியைக் கையெட்டும் தூரத்தில் வைக்கச் சொல்வார்கள், நான் வேண்டுமென்றே அறையின் மறுபக்கம் வைத்திருக்கிறேன். எழுந்து நடப்பதுதான் முதுகுக்கு ஓய்வு. துண்டுகளை அடுக்கிப் பார்க்கத் தரை வேண்டாம். கதவில் ஒரு பழைய ஃபிளானல் போர்வையைத் தொங்கவிட்டால் காட்டன் துண்டுகள் குண்டூசி இல்லாமலே ஒட்டி நிற்கும், வழுக்கும் துணிகளுக்கு மட்டும் ஊசி குத்துங்கள். நான்கு நாள் போகும்போதும் வரும்போதும் பார்த்தால் எந்தத் துண்டு இடம் மாற வேண்டும் என்று தானாகத் தெரியும். வீட்டில் மகன் இருக்கிறான், ஆகவே ஒரு காந்தத்தை நூலில் கட்டி வைத்து, எழுந்திருக்கும்போதெல்லாம் தரையில் இழுத்துவிடுங்கள். உடைந்த ஊசிக்கு மூடி போட்ட தனி டப்பா. ஜீன்ஸ் தைத்த நாளில் பாபின் கேஸின் அடியில் பஞ்சு சேர்ந்திருக்கும், பிரஷ்ஷால் தட்டி ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பழைய துணியில் பத்து இஞ்ச் ஓட்டிவிட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த நாள் பட்டில்தான் அந்த எண்ணெய்க் கறை விழும்.

பாதுகாப்பில், பட்டைப் பிளாஸ்டிக் பையில் வைக்காதீர்கள், ஈரம் வெளியேறாமல் பூஞ்சை பிடிக்கும். அலசிக் காய்ந்த வேட்டித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காய்ந்த வேப்பிலையும் வசம்பும் பூச்சியைத் தடுக்குமா என்றால், நானும் பழக்கத்தில் வைக்கிறேன், ஆனால் அதை மட்டும் நம்பி அழுக்குத் துணியை உள்ளே வைத்தால் பூச்சி வரத்தான் செய்யும். பட்டுப் போர்வை எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டால் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. வெயில் படாமல் வைத்தால் நீடிக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

முதல் வாரம் அம்மாவின் புடவை எதையும் வெட்டாதீர்கள். ஒரு பழைய உள்பாவாடை, ஒரு ஜீன்ஸ் கால், ஒரு பனியன், கிழிந்த துப்பட்டா ஒன்று எடுத்து 12 இஞ்ச் சதுரம் ஒன்று தையுங்கள். அதை மூன்று முறை துவைத்துக் காயவைத்து, சதுரம் இன்னும் 12 இஞ்ச் இருக்கிறதா, எந்தத் தையல் இழுத்திருக்கிறது என்று இன்ச் டேப் வைத்துப் பாருங்கள். பிறகு சுங்குடியின் உள்முனையிலிருந்து 14 இஞ்ச். அம்மாவின் கல்யாணப் புடவை அந்த 14 புடவைகளில் இருந்தால் அதைக் கடைசிவரை ஒதுக்கி வையுங்கள், அதன் ரவிக்கைத் துண்டு போதும். அந்தச் சோதனைச் சதுரத்தை முன்னும் பின்னும் படம் எடுத்துப் போடுங்கள், எந்தத் தையலை மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.